தட்டு கழுவுவதை வீட்டிலிருந்து செய்ய முடியுமா? சிங்கப்பூர் உணவகத் தொழிலாளர்களும் தடுப்பூசி விதியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2021, 2022 ஆண்டுகளில் சிராங்கூன் சாலைப் பக்கம் வாழையிலைச் சாப்பாடு போடும் ஓர் உணவகத்தில் மேற்பார்வையாளராக இருந்தேன். ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள் இப்போது அந்த நாள்களைப் பழங்கதை கேட்பதுபோல் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். தேதிகளும் விதிகளும் அரசாங்கம் அறிவித்தவை. கருத்துகள் என்னுடையவை.

அந்த விதி உண்மையில் என்ன சொன்னது?

2022 ஜனவரி 1 முதல், தடுப்பூசியை முழுமையாகப் போட்டவர்களும் கடந்த 270 நாள்களுக்குள் கொவிட் வந்து குணமானவர்களும் மட்டுமே வேலையிடத்துக்கு வரலாம் என்றது. அறிவிப்பு 2021 அக்டோபர் 23 அன்றே வந்துவிட்டது. போடாதவர்களுக்கு முதலில் ஒரு சந்து வைத்திருந்தார்கள்: சொந்தச் செலவில் பரிசோதனை செய்து, தொற்று இல்லை என்ற முடிவோடு வரலாம். டிசம்பர் 26ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அந்தச் சந்து வழியையும் அடைத்தார்கள். ஜனவரி 15 முதல் பரிசோதனை முடிவு காட்டினாலும் உள்ளே வர முடியாது. ஒரு தவணை மட்டும் போட்டவர்களுக்கு ஜனவரி 31 வரை அவகாசம்.

அக்டோபர் நடுவில், ஒரு தவணைகூடப் போடாத ஊழியர்கள் நாடு முழுவதும் சுமார் 113,000 பேர் இருந்தார்கள். டிசம்பர் 19இல் அது 52,000 ஆகிவிட்டது. அதாவது ஊழியர்களில் 98 விழுக்காட்டினர் ஏற்கெனவே போட்டவர்கள். நான் கீழே சொல்வதெல்லாம் மீதமிருந்த சிறு கூட்டத்தைப் பற்றியும், அவர்களோடு ஒரே அடுப்படியில் நின்றவர்களைப் பற்றியும்தான்.

அப்படியென்றால் 2022க்கு முன் உணவகங்களில் கட்டுப்பாடே இல்லையா?

ஏன் இல்லை? உணவகம், முடிதிருத்தகம், உடற்பயிற்சிக்கூடம் இவற்றில் வேலை செய்பவர்களுக்கு 2021 ஜூலை 15 முதலே கட்டாயப் பரிசோதனை இருந்தது. வாடிக்கையாளர் முகக்கவசத்தைக் கழற்றும் இடங்கள் என்பதால் இவற்றைத் தனியே பிரித்து வைத்தார்கள். முதலில் 14 நாளுக்கு ஒருமுறை, பிறகு வாரம் ஒருமுறை. அக்டோபர் 1 முதல் ‘ஊசி போடு, இல்லையேல் தவறாமல் பரிசோதனை செய்’ என்ற முறை வந்தது. போடாதவர்களுக்கு வாரம் இருமுறை ஏஆர்டி எனும் விரைவுப் பரிசோதனை, அதுவும் இன்னொருவர் கண்முன் செய்ய வேண்டும்.

அந்த இன்னொருவர் நான்தான். காலை பத்து மணிக்கு, சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கும்போது, பின்பக்கம் அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. மூக்கில் குச்சியை விட்டு, திரவத்தில் கலக்கி, அட்டையில் சொட்டுகள் விட்டு, பதினைந்து நிமிடம் காத்திருப்போம். ஒரு கோடு வந்தால் வேலை. இரண்டு கோடு வந்தால் அன்றைய மதியச் சாப்பாட்டுக் கூட்டத்துக்கு ஆள் குறைவு. எங்கள் பெரிய சமையல்காரர் ஒருமுறை அந்த அட்டையைப் பார்த்துவிட்டு, “பிள்ளை பிறக்குமா என்று பார்ப்பதுபோல் இருக்கிறது தம்பி” என்றார். சிரித்தோம். அந்தப் பதினைந்து நிமிடத்தில் யாரும் பேச மாட்டார்கள் என்பதும் உண்மை.

எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே விதிதானே? உணவகத்துக்கு மட்டும் தனியாக என்ன கஷ்டம்?

எழுத்தில் ஒரே விதி. நடப்பில் அப்படி இல்லை.

மனிதவள அமைச்சும் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரசும் முதலாளிகள் சம்மேளனமும் சேர்ந்து வெளியிட்ட முத்தரப்பு ஆலோசனையில், போடாத ஊழியரை என்ன செய்யலாம் என்று படிப்படியாக வழி சொல்லியிருந்தார்கள். வீட்டிலிருந்து செய்யக்கூடிய வேலைக்கு மாற்றலாம். முடியாவிட்டால் இரு தரப்பும் ஒத்துக்கொண்டு சம்பளமில்லா விடுப்பில் அனுப்பலாம். அதுவும் முடியாவிட்டால், கடைசி வழியாக, ஒப்பந்தப்படி முன்னறிவிப்புக் கொடுத்து வேலையிலிருந்து நிறுத்தலாம். வேலையை வீட்டிலிருந்து செய்யவே முடியாது என்ற நிலையில் அப்படி நிறுத்தினால் அது தவறான பணிநீக்கமாகக் கருதப்படாது.

இப்போது இதை ஒரு வங்கியில் வைத்துப் பாருங்கள். முதல் படியிலேயே பிரச்சினை தீர்ந்துவிடும். கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். எங்கள் கடையில் வைத்துப் பாருங்கள். தோசைக்கல்லை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? தட்டு கழுவுவதை, மேசை துடைப்பதை, இலை போடுவதை வீட்டிலிருந்து செய்ய முடியுமா? எங்கள் ஆட்களுக்கு முதல் படி என்ற ஒன்றே கிடையாது. நேராக இரண்டாவது படி, அடுத்து மூன்றாவது. கணக்கு எழுதுபவர் ஒருவருக்கு மட்டும் அந்த வாய்ப்பு இருந்தது. அவர் ஏற்கெனவே போட்டிருந்தார்.

சம்பளமில்லா விடுப்பு என்பதிலும் அதே கதை. மாதம் ஆறாயிரம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாங்குபவர் இரண்டு மாதம் பொறுத்துப் பார்க்கலாம். தட்டு கழுவுபவர் இரண்டு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டார். விதியை எழுதியவர்கள் இதை நினைத்துப் பார்க்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். நினைத்தும்தான் எழுதினார்கள் என்று தோன்றுகிறது. நெருக்கினால் போடுவார்கள் என்பதுதானே கணக்கு.

வாசலில் நின்று வாடிக்கையாளரைச் சரிபார்த்தது யார்?

கடையிலேயே குறைந்த சம்பளம் வாங்குபவர். எங்கள் கடையில் மலேசியாவின் ஜொகூரிலிருந்து வந்த 22 வயதுப் பையன்.

2021 ஆகஸ்ட் 10 முதல், உணவகத்துக்குள் உட்கார்ந்து சாப்பிடத் தடுப்பூசி வேண்டும் என்றாகிவிட்டது. போடாதவர் பரிசோதனை முடிவோடு வந்தால் உள்ளே விடலாம். உணவங்காடி நிலையத்திலும் காப்பிக்கடையிலும் அக்டோபர் 13 வரை அந்தத் தடை இல்லை. ஒரு மேசைக்கு எத்தனை பேர் என்பதும் மாறிக்கொண்டே இருந்தது. ஆகஸ்டில் ஐவர், செப்டம்பர் 27 முதல் இருவர், நவம்பர் 10 முதல் ஒரே வீட்டுக்காரர்கள் என்றால் ஐவர், நவம்பர் 22 முதல் மறுபடி யாராக இருந்தாலும் ஐவர். இத்தனையையும் அந்தப் பையன் மனப்பாடம் செய்ய வேண்டும். ஊசி விவரம் தெரியும் டிரேஸ்டுகெதர் என்ற அரசாங்கச் செயலியைக் காட்டச் சொல்ல வேண்டும், அதற்குப் பதில் சிறு கருவி வைத்திருக்கும் முதியவர்களுக்கு வேறு வழியில் சரிபார்க்க வேண்டும், வெளிநாட்டுச் சான்றிதழோடு வருபவரிடம் அடையாள ஆவணம் கேட்க வேண்டும். போன வாரம் சொன்ன விதியை இந்த வாரம் சொன்னால் வசவு.

ஒரு ஞாயிறு மதியம் ஒரு பெரியவர், மனைவி, மகள், மருமகன், அவருடைய தம்பி என ஐந்து பேர் வந்தார்கள். அது ஒரே வீட்டுக்காரர்கள் என்ற விதி இருந்த நேரம். “எல்லாரும் ஒரே வீடா ஐயா?” என்று பையன் கேட்டான். பெரியவர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “என் குடும்பத்தைப் பற்றி உனக்கு என்னடா கேள்வி?” என்றார். பொங்கல் நாளில் சொந்தக்காரர் வீட்டு வாசலில் நிறுத்தப்பட்டவரின் கோபம் அது. பையன் பதில் சொல்லவில்லை. முகக்கவசத்துக்கு மேலே அவன் காதுகள் சிவந்துபோனதை நான் பார்த்தேன். கடைசியில் மருமகனும் தம்பியும் வேறு மேசைக்குப் போனார்கள். போகும்போது பெரியவர் கல்லாவில் என்னிடம் வந்து, “பையன் பாவம், சொல்லிவிடுங்கள்” என்றார். நான் சொன்னேன். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

இதற்கு அவனுக்குக் கூடுதல் சம்பளம் இல்லை. தவறவிட்டால் அபராதம் கடைக்கு. மீறிய கடைகளைப் பத்து நாள், மறுபடி மீறினால் இருபது நாள் மூடவைத்தார்கள். பத்து நாள் மூடினால் கடைக்காரர் எழுந்துவிடலாம், நாள்கூலிக்கு வருபவர் எழ மாட்டார். ஆக அந்தப் பையன் வாசலில் நின்று காத்தது கடை முதலாளியை மட்டுமில்லை, உள்ளே இருந்த எங்கள் பதினான்கு பேர் சம்பளத்தையும்தான்.

பரிமாறுபவருக்கு ஒரு விதி, சாப்பிடுபவருக்கு ஒரு விதி இருந்தது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். இதைச் சொன்னால் புதியவர்கள் நம்புவதில்லை.

2021 அக்டோபர் முதல் டிசம்பர் வரை, ஊசி போடாத பரிமாறுபவர் வாரம் இருமுறை பரிசோதனை செய்துகொண்டு மேசைக்கு மேசை போய்ச் சாம்பார் ஊற்றலாம். ஆனால் கையில் புதிய பரிசோதனை முடிவு இல்லாமல் அதே மேசையில் வாடிக்கையாளராக உட்கார முடியாது. எங்கள் தட்டு கழுவும் அக்கா விடுமுறை நாளில் பேரனோடு எதிரே இருந்த கடைக்குத் தேநீர் குடிக்கப் போய், வாசலோடு திரும்பி வந்தார். முதல்நாள் அதே போன்ற கடையில் பத்து மணி நேரம் வேலை செய்தவர். “எச்சில் தட்டைத் தொடலாமாம், நல்ல தட்டில் சாப்பிடக்கூடாதாம்” என்றார்.

2022 ஏப்ரல் 26க்குப் பிறகு இதே முரண் திரும்பி வந்தது. வேலையிட விதி அன்று நீக்கப்பட்டது. ஆனால் உட்கார்ந்து சாப்பிடுவதற்கான விதி அக்டோபர் 10 வரை இருந்தது. வாசல் சோதனை மட்டும் போய், அவ்வப்போது வந்து பார்ப்பார்கள் என்ற நிலை. ஐந்து மாதத்துக்கு மேல், போடாத ஊழியர் பரிமாறலாம், போடாத விருந்தாளி உட்காரக்கூடாது.

போட மறுத்தவர்கள் எப்படிப்பட்டவர்கள்?

இணையத்தில் கத்துகிறவர்களை மனத்தில் வைத்துக் கேட்கிறீர்கள் என்றால், எங்கள் கடையில் அப்படி யாரும் இல்லை. டிசம்பரில் எங்களிடம் போடாதவர்கள் மூன்று பேர்.

ஒருவர், மேலே சொன்ன தட்டு கழுவும் அக்கா. அறுபதைத் தாண்டியவர், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. பயம், அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் ஊசி போட்ட மறு வாரம் ஒருவர் இறந்துபோனார். அதற்கும் ஊசிக்கும் தொடர்பு உண்டா இல்லையா என்று அக்காவிடம் விளக்கிப் பயனில்லை. அவர் பார்த்தது சவப்பெட்டியை. இரண்டாமவர் சமையலறை உதவியாளர், சிங்கப்பூரர். யாரும் என்னை வற்புறுத்தக்கூடாது என்று பிடிவாதம். மூன்றாமவர் ஊசிக்கு எதிரானவரே இல்லை. நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டவர். இப்படித் தள்ளிப்போட்டவர்கள் நாட்டில் நிறைய இருந்திருப்பார்கள் என்பது என் ஊகம். ஓய்வு நாளே வாரத்தில் ஒன்று, அன்று துணி துவைத்து, ஊருக்குப் பணம் அனுப்பி, தூங்கி எழுந்தால் நாள் போய்விடும். ஊசி போட ஊதியத்தோடு நேரம் கொடுங்கள் என்று அரசாங்கம் முதலாளிகளை ஊக்குவித்தது. ஊக்குவித்தது, கட்டாயப்படுத்தவில்லை. இந்த இடத்தில்தான் கட்டாயம் வேண்டியிருந்தது என்பேன்.

டிசம்பர் 26 அறிவிப்பைக் கேட்ட மறுநாளே அக்கா வேலைக்கு வரும் வழியில் ஊசி போட்டுக்கொண்டு வந்தார். யாரிடமும் சொல்லவில்லை. இடக்கைச் சட்டைக்குள் பிளாஸ்திரியைப் பார்த்து நான் கேட்டபோது, “வாடகை யார் கட்டுவது?” என்றார். இரண்டாவது தவணை 21 நாள் கழித்து, அதற்குப் பின் 14 நாள். எண்ணிப் பாருங்கள், ஜனவரி 31ஆம் தேதியில் வந்து நிற்கும். அவர் ஒருநாள் தாமதித்திருந்தால் கெடுவைத் தவறவிட்டிருப்பார். இடையில் வேலைக்கு வந்த நாளெல்லாம் பரிசோதனை. அதன் முடிவு 24 மணி நேரம்தான் செல்லும். செலவு அவருடையது. முதலாளியிடம் பேசிப் பாதியை வாங்கிக் கொடுத்தேன். பாதிதான் கிடைத்தது.

தமிழ்நாட்டிலிருந்து வந்த சமையல்காரர்கள் என்ன செய்தார்கள்?

அவர்களில் மறுத்தவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. மறுக்கும் வசதி அவர்களுக்கு இல்லை.

சேவைத் துறையில் சாதாரண வேலை அனுமதிச் சீட்டில் இந்தியர்களை அப்போது எடுக்க முடியாது. மலேசியா, சீனா போன்ற சில இடங்களிலிருந்து மட்டுமே முடியும். இந்திய உணவகச் சமையல்காரர்களுக்கு அந்தக் கதவு திறந்தது 2023 செப்டம்பரில்தான். ஆகவே எங்கள் ஊர் ஆட்கள் பெரும்பாலும் எஸ் பாஸ் என்ற நடுத்தரத் திறன் ஊழியர் அனுமதியில் இருந்தார்கள். குறைந்தபட்சச் சம்பளம் அப்போது 2,500 வெள்ளி, ஒரு நிறுவனத்தின் சேவைத் துறை ஆட்களில் பத்து விழுக்காட்டுக்கு மேல் எஸ் பாஸ் இருக்கக்கூடாது. வேலை போனால் பாஸும் போகும், சில வாரத்தில் விமானம் ஏற வேண்டும். ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன் ஊரில் வட்டி போட்டுக்கொண்டிருக்கும். இப்படிப்பட்டவரிடம் ‘விருப்பமா’ என்று கேட்பதில் பொருள் இல்லை.

அவர்கள் சிக்கல் வேறு. ஊரில் கோவேக்சின் போட்டுக்கொண்டவர்களுக்கு, உலகச் சுகாதார நிறுவனம் 2021 நவம்பர் 3 அன்று அதை ஏற்றுக்கொள்ளும்வரை இங்கே அது கணக்கில் வராது. கோவிஷீல்டு போட்டவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அவர்களும் இங்குள்ள கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை செய்து பதிவேட்டில் ஏற்றிக்கொள்ள வேண்டும். முதலாளிகளுக்கும் ஆளை விட மனமில்லை. 2021 ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து அக்டோபர் கடைசிவரை இந்தியாவிலிருந்து வருவது ஏறக்குறைய நின்றிருந்தது. போன சமையல்காரருக்குப் பதில் ஆள் கிடையாது.

மலேசியப் பையனுக்கு இன்னொரு காரணம் இருந்தது. 2020 மார்ச்சில் எல்லை மூடியதிலிருந்து அவன் அம்மாவைப் பார்க்கவில்லை. 2021 நவம்பர் 29 அன்று, தடுப்பூசி போட்டவர்களுக்கு மட்டும் பஸ்ஸில் கடற்பாலத்தைக் கடக்க வழி திறந்தது. ஒரு மணி நேரப் பயணம், இருபது மாதக் காத்திருப்பு. அவன் ஊசி போட்டது எந்த விதிக்காகவும் இல்லை.

மருத்துவக் காரணத்தால் போட முடியாதவர்கள்?

மருத்துவர் சான்று இருந்தால் விலக்கு. வேலைக்கு வரலாம்.

பக்கவிளைவு வந்தால்? கொவிட் வந்தால் மருத்துவமனைச் செலவு?

ஊசியால் கடும் பாதிப்பு ஏற்பட்டவர்களுக்கு அரசாங்கத்தின் நிதியுதவித் திட்டம் இருந்தது. மிக மோசமான நிலைக்கு 225,000 வெள்ளி வரை. மறுபக்கம், தகுதி இருந்தும் விரும்பிப் போடாதவர்கள் 2021 டிசம்பர் 8 முதல் தங்கள் கொவிட் சிகிச்சைச் செலவைத் தாங்களே ஏற்க வேண்டும் என்றானது. எங்கள் உதவியாளர் இந்தச் செய்தியைக் கைப்பேசியில் படித்துவிட்டு அன்றைக்கெல்லாம் வெங்காயத்தைக் கொத்தியது எனக்கு நினைவிருக்கிறது. ஆனாலும் போடவில்லை.

தமிழ்நாட்டிலும் அமெரிக்காவிலும் இதுபோல இருந்ததே?

இருந்தது, ஆனால் அங்கே நீதிமன்றம் புகுந்தது. நியூயார்க் நகரம் 2021 ஆகஸ்டிலேயே உணவகத்துக்குள் சாப்பிடுபவர், வேலை செய்பவர் இருவருக்கும் ஒருசேர ஒரு தவணையைக் கட்டாயமாக்கியது. எங்களுக்கு இருந்த முரண் அங்கே இல்லை. டிசம்பர் 27 முதல் அந்நகரின் தனியார் நிறுவனங்கள் அனைத்துக்கும் விரித்தது. அமெரிக்கா முழுவதும் நூறு பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களுக்கு வந்த ‘ஊசி அல்லது பரிசோதனை’ விதியை 2022 ஜனவரி 13 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் நிறுத்திவைத்தது. எங்கள் ஜனவரி 15 கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு. கடையில் மறுநாள் அதைப் பற்றித்தான் பேச்சு. “அங்கே பிறந்திருக்க வேண்டும்” என்றார் உதவியாளர்.

தமிழ்நாட்டில் 2021 நவம்பரில், பொது இடங்களுக்கு வரத் தடுப்பூசி வேண்டும் என்ற உத்தரவு வந்தது. மதுரையில் ஹோட்டல், கடை உள்ளிட்ட இடங்களுக்கு விடமாட்டோம் என்று மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. 2022 மே 2 அன்று இந்திய உச்ச நீதிமன்றம், யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது, உடல்மேல் உள்ள உரிமை அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவில் அடங்கும் என்றது. அதே தீர்ப்பு தடுப்பூசிக் கொள்கையைத் தவறென்று சொல்லவில்லை. தொற்று குறைவாக இருக்கும்வரை போடாதவர்கள்மீது கட்டுப்பாடு வேண்டாம் என்றுதான் சொன்னது. வாட்ஸ்அப்பில் இந்தப் பாதி எப்போதும் காணாமல் போய்விடும்.

விதி சரியா, தவறா?

ஊசி சரி. நான் நாலு தவணை போட்டிருக்கிறேன். எங்கள் பெரிய சமையல்காரருக்குக் கொவிட் வந்து ஐந்தே நாளில் எழுந்து வந்தார். போடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணவே விரும்பவில்லை.

விதியைக் கொண்டுவந்த விதத்தில் எனக்குக் குறை உண்டு. பரிசோதனைச் செலவைத் தட்டு கழுவுபவர் தலையில் வைத்தது, வாசல் காவலைப் பயிற்சியும் படியும் இல்லாமல் பையன் தலையில் வைத்தது. இரண்டையும் முதலாளி அல்லது அரசாங்கம் ஏற்றிருக்கலாம். அதே எண்ணிக்கையில் ஊசி போட்டிருப்பார்கள், இத்தனை மனக்கசப்பு இருந்திருக்காது. முதலாளிகள் வேறு மாதிரிச் சொல்வார்கள். அப்போது கடையில் பாதி மேசை காலி என்பார்கள். அதுவும் பொய்யில்லை.

போடாமல் வேலையை விட்டவர்கள் திரும்பி வந்தார்களா?

எங்கள் கடைக் கணக்கை மட்டும் சொல்கிறேன். தள்ளிப்போட்டவர் ஜனவரி முதல் வாரத்தில் போட்டுவிட்டு, இத்தனை சுலபமா என்று வியந்தார். ஆனாலும் கெடுவுக்குள் முடியாததால் சில நாள் சம்பளம் போயிற்று. உதவியாளர் ஜனவரி 14 இரவு ஏப்ரனை மடித்து என் கையில் கொடுத்துவிட்டுச் சம்பளமில்லா விடுப்பில் போனார். மூன்று மாதத்துக்கு மேல். ஏப்ரல் 26 செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குக் கடைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். யாரும் சொல்லி அனுப்பவில்லை, செய்தியில் பார்த்திருக்கிறார். உள்ளே வரும்போது பழக்கதோஷத்தில் செயலியை எடுத்து வாசலில் நின்ற பையனிடம் நீட்டினார். பையன் கையை ஆட்டி, “இனி வேண்டாம் அண்ணே” என்றான். பின்பக்கம் வெங்காய மூட்டை இரண்டு அவிழ்க்காமல் கிடந்தது.